ஆஃப் பண்ணிப் போட்டால் சரியாகும் சர்வர்

மல்லாங்கிணற்றில் ஓர் உரக்கடை. முன்னால் மூன்று பில் கம்ப்யூட்டர், பின்னறையில் மரப்பலகைமேல் ஒரு லினக்ஸ் சர்வர். புரட்டாசிக் கடைசி, மானாவாரி விதைப்புக்கு உரம் வாங்கக் கூட்டம் நெரிகிறது. பில் அடித்தால் பிரின்டர் அசைய இரண்டு நிமிடம் ஆகிறது என்று கூப்பிட்டிருந்தார்கள்.

"ஒரு தடவ ஆஃப் பண்ணிப் போட்டா செரியாயிருது தம்பி. மத்தியானத்துக்கு மேல திரும்ப இழுக்குது" என்றார் கடைக்காரர். மூன்று வாரமாக இப்படியே ஓட்டியிருக்கிறார்கள்.

'டாப்' கட்டளையைப் போட்டுப் பார்த்தேன். லோடு 18. பிராசஸரோ தொண்ணூறு சதவீதத்துக்குமேல் சும்மா கிடக்கிறது. முதல்முறை பார்ப்பவருக்கு இது புரியாது. டிஸ்க்கின் பதிலுக்காகக் காத்துக் கிடக்கும் புரோகிராம்களையும் லினக்ஸ் லோடில் சேர்த்தே எண்ணும். ரேஷன் கடையில் எடை போடுகிறவர் எழுந்து போய்விட்டாலும் வரிசை நீளத்தானே செய்யும்.

அடுத்தது, டிஸ்க்கின் தாமதத்தைக் காட்டும் 'ஐயோஸ்டாட்'. நிமிடத்துக்கு 7,200 சுற்று ஓடும் டிஸ்க் ஒரு சுற்றை முடிக்க 8.3 மில்லி செகண்ட் எடுக்கும். சிதறிக் கிடக்கும் தகவல் ஒன்றை எடுத்துத் தர 10, 15 மில்லி செகண்ட் ஆனால் நியாயம். செகண்டுக்கு நூற்றுக்குமேல் வேண்டுகோள் குவிந்து தாமதம் ஏறினால் அது வேலைப்பளு. வேறு டிஸ்க்கோ எஸ்எஸ்டியோ வாங்கிப் போட்டால் தீரும். இங்கே வந்ததோ செகண்டுக்கு நான்கைந்து வேண்டுகோள்தான். ஒவ்வொன்றுக்கும் 1,400 மில்லி செகண்ட். வேலை கொஞ்சம், தாமதம் மலையளவு. இந்தச் சேர்க்கையைக் கண்டால் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டு, கடைசியாக எடுத்த பேக்கப் எங்கே என்றுதான் முதலில் கேட்க வேண்டும். இந்தக் கடையில் அது ஏப்ரலில் எடுத்தது.

நடப்பது இதுதான். டிஸ்க்கில் ஒரு செக்டர் படிக்க வரவில்லை. டிஸ்க் அதை வெளியே சொல்லாமல் திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கிறது. சாதாரண டெஸ்க்டாப் டிஸ்க் ஒரே செக்டரோடு ஒரு நிமிடத்துக்கு மேலும் மல்லுக்கட்டும். லினக்ஸ் கெர்னல் வழக்கமாக 30 செகண்ட் பொறுத்துவிட்டு இணைப்பையே ரீசெட் செய்யும். கெர்னலின் 'டிமெசேஜ்' பதிவில் அந்த வரிகள் வரிசையாக நிற்கும். ஆஃப் செய்து போட்டால் சரியாவதுபோல் தெரிவதற்குக் காரணம், அந்தச் செக்டரைத் தொடும் வேலை இன்னும் வரவில்லை என்பது மட்டுமே. நோஞ்சான் டிஸ்க்குக்கு ஒவ்வொரு முறை நின்று சுழல ஆரம்பிப்பதும் ஒரு கண்டம்.

டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் பதிவைப் பார்க்க 'ஸ்மார்ட்சிடிஎல்' கொடுத்தேன். முதல் வரியில் 'பாஸ்டு' என்று வந்தது. கீழே 197ஆம் வரிசையில், படிக்க முடியாமல் நிலுவையில் இருக்கும் செக்டர் 48. கூகுள் 2007இல் தன் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரை இங்கே நினைவுக்கு வர வேண்டும். பரிசோதனையில் முதல் பிழை காட்டிய டிஸ்க்குக்கு, பிழையே காட்டாததைவிட, அடுத்த 60 நாளில் பழுதாக 39 மடங்கு வாய்ப்பு அதிகம். அதே ஆய்வில், பழுதான டிஸ்க்குகளில் 56 சதவீதத்துக்கும் மேற்பட்டவை முக்கியமான நான்கு ஸ்மார்ட் அளவுகளில் எந்த அறிகுறியும் காட்டாமலே போயிருந்தன. எண் ஏறினால் நம்பலாம். ஏறாமல் இருப்பதை நம்ப முடியாது.

எங்கள் பக்கத்தில் எல்லாப் பழியும் வெயில்மேல்தான் விழும். அந்த ஆய்வு வெயிலை அவ்வளவாகக் குற்றம் சொல்லவில்லை. மிக உயர்ந்த சூட்டில்தான் பழுது கொஞ்சம் கூடியது. அதிர்வைத்தான் யாரும் நினைப்பதில்லை. 2016 செப்டம்பரில் புக்காரெஸ்டில் ஐஎன்ஜி வங்கியின் டேட்டா சென்டரில் தீயணைப்பு ஒத்திகை. பீறிட்ட வாயுவின் சத்தத்திலேயே டிஸ்க்குகள் பழுதாகி, சேவை பல மணி நேரம் நின்றது. அருப்புக்கோட்டையில் விசைத்தறி ஓடும் சுவரோடு ஒட்டி சர்வரை வைத்திருப்பவர்கள் அதை இன்றே நகர்த்துவது நல்லது.

மெதுவாகும் டிஸ்க் எல்லாம் சாகும் டிஸ்க் இல்லை. ஸ்மார்ட்டில் 199ஆம் எண் ஏறினால் பெரும்பாலும் கேபிள்தான். நூறு, இருநூறு ரூபாயில் முடிந்துவிடும். இன்னொரு வகை, விற்றவர் சொல்லாமல் விட்டது. ஓட்டுக் கூரைபோல் ஒரு தடத்தின் ஓரத்தின்மேல் அடுத்த தடத்தை ஏற்றி எழுதும் டிஸ்க்குகள் உண்டு. நடுவில் ஒரு ஓட்டை மாற்ற மேலே உள்ளவற்றையும் கழற்றி அடுக்க வேண்டும் அல்லவா, அதேதான். படிக்கும்போது ஒன்றும் தெரியாது. தொடர்ந்து எழுதினால் ஊர்ந்து போகும். நெட்வொர்க் சேமிப்புப் பெட்டிகளுக்கென்றே (நாஸ்) விற்ற டபிள்யூடி ரெட் வரிசையில் சில இந்த வகை என்று வெஸ்டர்ன் டிஜிட்டல் ஒப்புக்கொண்டது 2020 ஏப்ரலில்தான்.

படிக்க வராத செக்டர் கணக்கில் ஏறிவிட்டால், ஃபைல் சிஸ்டத்தைச் சரிபார்க்கும் எஃப்எஸ்சிகே கட்டளையை ஓட்டாதீர்கள். அது பழுது பார்க்கும் சாக்கில் அதே டிஸ்க்கின்மேல் எழுதும், மிச்சமிருப்பதும் போகும். சர்வரை நிறுத்தி, அதே அளவோ பெரியதோ வேறொரு டிஸ்க்குக்கு 'டிடிரெஸ்க்யூ' கொண்டு நகலெடுங்கள். எளிதாக வருவதை முதலில் அள்ளிக்கொண்டு முரண்டு பிடிப்பதைக் கடைசியில் தொடும் கருவி அது. மேப் ஃபைல் கொடுத்து ஓட்டினால் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். எஃப்எஸ்சிகே எல்லாம் அந்த நகலின்மேல்.

ஒரு டிஸ்க் போனாலும் தாங்கும்படி பல டிஸ்க்குகளைச் சேர்த்துக் கட்டிய ரெய்டு இருக்கிறதே என்று நிம்மதியாக இருப்பவர்களுக்கும் ஒன்று. நான்கு டிஸ்க்கும் ஒரே நாளில், ஒரே பெட்டியில் வாங்கியவை என்றால் ஒரே வயது, ஒரே உழைப்பு. ஒன்று போய் ரெய்டு 5ஐத் திரும்பக் கட்டும்போது மற்ற மூன்றையும் மூலை முடுக்கு விடாமல் படித்தாக வேண்டும். ஆண்டுக்கணக்கில் தொடாத செக்டரின் பழுது அன்றைக்குத்தான் வெளியே வரும்.

உரக்கடை டிஸ்க்கில் பெரும்பகுதி அன்று இரவுக்குள் வந்துவிட்டது. கடைசிச் சில மெகாபைட்டுக்கு இரண்டு நாள் ஆனது. 11 செக்டர் வரவே இல்லை. மூன்றாம் நாள் நான் கிளம்பும்போது கடைக்காரரின் மகள் கார்பன் நகலை மடியில் வைத்துக்கொண்டு, புரட்டாசி மாதக் கடன் பில்களை ஒவ்வொன்றாகத் திரும்ப அடித்துக்கொண்டிருந்தாள்.