அடுத்த அறையில் ஒரு மிருதங்கம்

எங்கள் மாடி வீட்டில் ஒரு பையன் மிருதங்கம் சாதகம் செய்கிறான். அவனே வாசிக்கிறானா, கச்சேரிப் பதிவைப் போட்டுக் கேட்கிறானா என்பது படியேறும்போதே தெரிந்துவிடும். கதவு சாத்தியிருக்கும், நடுவில் சுவர், பாதி ஒலி வழியிலேயே மடிந்துபோகும். அவனிடம் இருப்பதும் நல்ல ஸ்பீக்கர்தான். ஆனாலும் காது கண்டுபிடித்துவிடுகிறது. எதிரே உட்கார்ந்து கேட்கும்போது ஏமாறுகிற காது, சுவருக்கு இப்பால் ஏன் ஏமாறுவதில்லை?

ஸ்பீக்கர் தரும் சுருதியில் குறை இல்லை. மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலையின் நடுவே இருக்கும் கருஞ்சோறு, தோலின் மேற்சுரங்களை முழு எண் விகிதத்தில் அடுக்குகிறது. நம் தோல்கருவிகளின் இந்தத் தனிச்சிறப்பை சி.வி. ராமனும் சிவகாளி குமாரும் 1920-இல் எழுதினார்கள். அந்த இசைவை இன்றைய ஸ்பீக்கர் சேதாரமில்லாமல் கொண்டுவந்து சேர்த்துவிடும்.

தவறிப்போவது, ஒலி எந்தத் திசையில் எப்படிப் போகிறது என்பது. கச்சேரியில் வலந்தலை நம்மைப் பார்த்திருக்கும், இடப்பக்கமான தொப்பி பின்பக்கம் திரும்பியிருக்கும். விளிம்பில் விழும் ‘நம்’ நேராக நம்மிடம் வருகிறது. தொப்பியின் தாழ்ந்த ஒலியான கும்கி அப்படி வருவதில்லை. 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் மூன்றரை மீட்டர். அவ்வளவு நீண்ட அலை வாசிப்பவரையே சுற்றி வளைந்து, பின்சுவரில் பட்டு, அறையை நிறைத்துக்கொண்டு வரும். சில பத்து மில்லிநொடிகளுக்குள் வரும் எதிரொலிகளைக் காது தனியாகப் பிரித்துக் கேட்பதில்லை. முதல் ஒலியோடு சேர்த்து ஒரே ஒலியாக்கிக்கொள்கிறது. நாதத்தின் கனம் என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு இதுதான்.

மைக்குக்கு இதெல்லாம் எட்டுவதில்லை. அது தான் நிற்கும் ஒரே புள்ளியில் கேட்டதைக் கம்பி வழியே அனுப்புகிறது. ஸ்பீக்கரோ அதைத் தன் போக்கில் வீசுகிறது: தாழ்ந்த ஒலியை நாலாபக்கமும், உயர்ந்த ஒலியை டார்ச் விளக்கு வெளிச்சம்போல் முன்பக்கமாக மட்டும். எதிரே இருப்பவருக்கு வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. மூடிய கதவுக்கு இப்பால் வருவது பெரும்பாலும் சுவர்களில் பட்டுத் திரும்பிய ஒலி. அதில் இருப்பது பெட்டியின் சாயல், மிருதங்கத்தின் சாயல் அல்ல.

அடியின் வேகம் இன்னொன்று. ஓர் அடி சுற்றியுள்ள ஒலியைவிட 20 டெசிபல் எகிறினால் அதற்கு நூறு மடங்கு ஆற்றல் வேண்டும். ஒரு வாட்டில் அமைதியாகப் பாடிக்கொண்டிருக்கும் ஸ்பீக்கர் அந்தக் கணத்தில் நூறு வாட்டைத் தாங்க வேண்டும். பெரும்பாலான வீட்டு ஸ்பீக்கர்கள் அங்கே திணறும். பல பதிவுகளில் அந்த முனையை முன்கூட்டியே மழுங்கடித்தும் விடுகிறார்கள்.

அசலையும் பதிவையும் எதிரெதிரே வைத்துப் பார்க்கும் ஆசை பழையது. 1915 முதல் எடிசனின் நிறுவனம் அமெரிக்க மேடைகளில் விளக்கை அணைத்துவிட்டு, பாடகியையும் ஃபோனோகிராஃபையும் மாற்றி மாற்றிப் பாடவிட்டது. கேட்டவர்கள் ஏமாந்தார்கள். இயந்திரத்தின் அளவுக்குத் தன் குரலை அடக்கிக்கொண்டு பாடியதாக, அதில் பாடிய அன்னா கேஸ் பிற்காலத்தில் சொன்னார். 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஸ்பீக்கர் வடிவமைப்பாளர் எட்கர் வில்ச்சூர் நால்வர் கொண்ட ஒரு தந்தி வாத்தியக் குழுவை வைத்து இதைச் செய்தபோது நுட்பமான ஒன்றைக் கவனித்தார். அரங்கில் பதிந்ததை மறுபடி அரங்கிலேயே ஒலிக்கவிட்டால் எதிரொலி இரட்டிப்பாகும். அதனால் பதிவைத் திறந்தவெளியில் செய்தார். நம் கூடத்திலும் இந்தச் சிக்கல் உண்டு. வியன்னாவின் முசிக்ஃபெரைன் இசையரங்கின் இரண்டு நொடி முழக்கத்தை, அரை நொடி முழங்கும் நம் அறைக்குள் ஊற்றுகிறோம்.

சபாவுக்குப் போனாலும் பெரும்பாலும் நாம் கேட்பது ஸ்பீக்கரைத்தான். மைக் வழியாகவே கேட்டுப் பழகியவர்கள் தொப்பி இடிபோல் முழங்குவதே இயல்பு என்று நினைக்கிறார்கள். எனக்கு இது உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

போன வாரம் அந்தப் பையனின் எதிரே மூன்றடி தள்ளி உட்கார்ந்தேன். பிசைந்த ரவையைத் தொப்பியில் அப்பிக்கொண்டு வாசித்தான். ஒவ்வொரு கும்கிக்கும் தரையில் இருந்த எவர்சில்வர் டம்ளர் மெல்ல அதிர்ந்தது. உள்ளங்கை தோலில் உரசுவதும் கேட்டது. பிறகு கச்சேரிப் பதிவைப் போடச் சொன்னேன். டம்ளர் அசையவில்லை. ஒலியைக் கூட்டினோம், இன்னும் கூட்டினோம். டம்ளர் அதிரத் தொடங்கியபோது, பாடுகிறவரின் குரல் கூடத்தில் யாரும் உட்கார முடியாத அளவுக்குப் பெரிதாகிவிட்டிருந்தது.