மங்கிப்போகும் சிவப்பு: லண்டன் கொரோனா சுவர் பற்றிச் சில குறிப்புகள்

கொரோனா காலத்தில் தெருவுக்கு வந்த ஓவியங்களைப் பற்றிக் கொஞ்ச நாளாகக் குறிப்புகள் எடுத்துவருகிறேன். சேர்த்துவைத்த படங்களைத் தேதிவாரியாக அடுக்கிப் பார்த்தால் ஒரு வரிசை தெரிகிறது. முதலில் வந்தது பயம். 2020 மார்ச், ஏப்ரலில் சென்னைச் சாலைகளில் தார் மேலேயே ராட்சசக் கிருமியை வரைந்துவைத்தார்கள், ஞாபகம் இருக்கும். முள் முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கும் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஒரு போலீஸ் அதிகாரி வண்டிகளை நிறுத்திய படம் உலகம் முழுக்கச் சுற்றியது. அடுத்து ஆறுதலும் நன்றியும். இத்தாலியில் பிள்ளைகள் வானவில் வரைந்து பால்கனியில் தொங்கவிட, அது பிரிட்டனுக்குப் போய் வீட்டு ஜன்னல்களில் எல்லாம் ஒட்டிக்கொண்டது. நம்ம ஊரில் தட்டைத் தட்டினோம்.

துக்கம் கடைசியில்தான் வந்தது. ரொம்பக் குறைவாகவும் வந்தது. காரணம் புரிந்துகொள்ள முடியாததில்லை. பயத்தையும் நன்றியையும் அரசாங்கமே விளம்பரம் செய்யும். துக்கத்தைத் தெருவில் எழுதினால் "எத்தனை பேர்?" என்ற கேள்வியும் கூடவே வந்து நிற்கும். இந்தக் கட்டுரை அப்படி வந்த ஒரு சுவரைப் பற்றி.

லண்டனில் தேம்ஸ் நதியின் ஒரு கரையில் பிரிட்டன் நாடாளுமன்றம். எதிர்க்கரையில் செயின்ட் தாமஸ் மருத்துவமனை. மருத்துவமனைக்கும் ஆற்றங்கரை நடைபாதைக்கும் நடுவே, வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்திலிருந்து லாம்பெத் பாலத்துப் பக்கமாக, சுமார் அரை கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு மதில் ஓடுகிறது. 2021 மார்ச் 29 அன்று சிலர் சிவப்பு பெயிண்ட் பேனாக்களோடு வந்து அதில் இதயம் வரைய ஆரம்பித்தார்கள். இறந்தவர் ஒருவருக்கு ஒரு இதயம். அச்சு வைத்து அடிக்கவில்லை, ஒவ்வொன்றும் கையால்.

அந்தத் தேதிக்கு ஒரு அர்த்தம் உண்டு. இங்கிலாந்தில் ஆறு பேர் வரை வெளியிடத்தில் கூடலாம் என்று விதி தளர்ந்த நாள் அது. இறுதிச்சடங்குக்குக்கூட விரல் விட்டு எண்ணும் அளவுக்கு ஆட்களை மட்டும் விட்டிருந்த ஊரில், வெளியே கூட அனுமதி கிடைத்த அன்றே இந்த வேலை தொடங்கியது. அடுத்த பத்து நாள் அளவில், ஆயிரத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் இடைவெளி விட்டு நின்று கிட்டத்தட்ட 1,50,000 இதயங்களை வரைந்து முடித்தார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு மீட்டருக்கு 300 பேர். நீங்கள் ஒரு எட்டு எடுத்துவைத்தால் இருநூறு பேரைத் தாண்டியிருப்பீர்கள்.

முன்நின்று செய்தது, கொரோனாவில் உறவுகளை இழந்த குடும்பங்களின் அமைப்பு. ஆளுக்கொரு தந்தையைப் பறிகொடுத்த இரண்டு பேர் தொடங்கியது அது. அரசு நடந்துகொண்ட விதத்தைப் பற்றிப் பொது விசாரணை வேண்டும் என்பது அவர்களது கோரிக்கை. கூட நின்றது 'லெட் பை டாங்கீஸ்' என்ற குழு. அரசியல்வாதிகள் முன்பு சொன்னதை ராட்சச விளம்பரப் பலகைகளில் ஒட்டி அவர்களுக்கே ஞாபகப்படுத்துவதில் பேர்போனவர்கள். முறைப்படி விண்ணப்பம் போட்டு, அனுமதிக் கடிதம் வாங்கிச் செய்த வேலை அல்ல இது. அப்படிப் போயிருந்தால் கமிட்டி, வடிவமைப்புப் போட்டி, டெண்டர் என்று இன்றைக்கும் கோப்பு நகர்ந்துகொண்டிருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

இடத்தேர்வும் தற்செயல் இல்லை. நாடாளுமன்றத்தின் ஆற்றங்கரை மாடத்தில் நின்று பார்த்தால் எதிரே இந்தச் சுவர்தான். இன்னொன்று, 2020 ஏப்ரலில் அன்றைய பிரதமர் போரிஸ் ஜான்சன் கொரோனாவோடு தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தது இதே செயின்ட் தாமஸ் மருத்துவமனையில்தான். சுவரைப் பார்க்க வரச்சொல்லி குடும்பங்கள் கேட்டுக்கொண்டே இருந்தன. ஏப்ரல் மாதக் கடைசியில் ஒருநாள், இருட்டிய பிறகு, யாருக்கும் சொல்லாமல் வந்து பார்த்துவிட்டுப் போனார். குடும்பங்களைச் சந்திக்கவில்லை. அது அவர்களை இன்னும் கோபப்படுத்தியது. மே 12 அன்று நாடாளுமன்றத்தில் பொது விசாரணையையும், நினைவேந்தலுக்கு ஒரு ஆணையத்தையும் அறிவித்தார். சுவரால்தான் அறிவித்தார் என்று சொல்லமாட்டேன். அழுத்தம் பல பக்கத்திலிருந்தும் இருந்தது. ஆனால் ஜன்னலைத் திறந்தால் தெரிகிற அழுத்தம் இது ஒன்றுதான்.

இதுவரை சொன்னது செய்தி. எனக்கு இந்தச் சுவரில் முக்கியமாகப் படுவது அந்த 1,50,000 என்ற எண்.

2021 மார்ச் கடைசியில் பிரிட்டன் அரசு நாள்தோறும் வெளியிட்ட கணக்குப்படி இறந்தவர்கள் 1,26,000-க்குக் கொஞ்சம் மேலே. சுவரில் கிட்டத்தட்ட 1,50,000. வித்தியாசம் எங்கிருந்து வந்தது? அரசின் தினசரிக் கணக்கு, பரிசோதனையில் தொற்று உறுதியாகி 28 நாளுக்குள் இறந்தவர்களை மட்டும் எண்ணியது. 29-ஆம் நாள் வென்டிலேட்டரில் இறந்தவர் அதில் வரமாட்டார். பரிசோதனை கிடைக்காமலே முதியோர் இல்லத்தில் இறந்தவரும் வரமாட்டார். 2020 ஆகஸ்டில் இந்த 28 நாள் வரம்பைக் கொண்டுவந்தபோது ஒரே நாளில் மொத்தக் கணக்கிலிருந்து 5,000-க்கும் மேற்பட்ட மரணங்கள் காணாமல்போயின. அதற்கு முன்பிருந்த முறையிலும் கோளாறு இருந்தது, அதையும் சொல்லணும்: எப்போதோ தொற்று வந்து குணமானவர் பிறகு லாரியில் அடிபட்டு இறந்தாலும் அது கொரோனா மரணம் ஆகிவிடும். அதைச் சரிசெய்யப் போய்த்தான் மறுபக்கம் சாய்ந்துவிட்டார்கள்.

சுவர் எடுத்துக்கொண்டது வேறு கணக்கு. மருத்துவர் கையெழுத்திட்ட இறப்புச் சான்றிதழில் கொரோனா என்று இருந்தால் ஒரு இதயம். இதுவும் அரசின் புள்ளியியல் துறை தொகுத்துத் தருவதுதான், யாரும் இட்டுக்கட்டியது இல்லை. இரண்டு எண்களுமே அரசாங்கத்துடையவை. தொலைக்காட்சியில் தினமும் வாசித்த எண்ணை விட்டுவிட்டு, வாரம் ஒருமுறை அறிக்கைக்குள் இருந்த எண்ணைச் சுவருக்குக் கொண்டுவந்தார்கள். ஓவியம் என்கிற பேரில் அங்கே நடந்தது மறுகணக்கெடுப்பு. அதைத்தான் நான் இந்தச் சுவரின் ஆகப்பெரிய காரியமாக நினைக்கிறேன்.

நமக்கு இது ரொம்பத் தூரத்து விஷயம் இல்லை. 2021 ஜூன் 30 அன்று உச்ச நீதிமன்றம் நிவாரணம் கொடுக்கச் சொன்ன பிறகு, செப்டம்பரில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதலில் 30 நாள் என்று ஒரு வரம்பு வந்தது. அங்கே 28, இங்கே 30. ரூ.50,000 நிவாரணத்துக்கு மனுப்போட்டவர்களுக்குத் தெரியும், சான்றிதழில் என்ன வார்த்தை இருக்கிறது என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று. என் பெரியப்பா 2021 மே மாதம் போனார். சான்றிதழில் 'நிமோனியா'. நிமோனியா எதனால் வந்தது என்று அதில் இல்லை, நாங்களும் அந்த நேரத்தில் கேட்கிற நிலையில் இல்லை. 2020, 2021 இரண்டு வருடங்களுக்கும் சேர்த்து இந்தியாவில் அதிகாரபூர்வ கொரோனா மரணங்கள் சுமார் 4.8 லட்சம். உலக சுகாதார நிறுவனம் 2022 மே மாதம் வெளியிட்ட மதிப்பீடு சுமார் 47 லட்சம். இந்திய அரசு அந்த முறையையே ஏற்கவில்லை. யார் பக்கம் எவ்வளவு சரி என்பது தனிக் கட்டுரைக்கான விஷயம். அந்த இடைவெளி எவ்வளவு பெரிது என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, சுவருக்குத் திரும்புவோம். அங்கே ஒரு சிக்கல் முளைத்தது. சிவப்பு வெளுக்க ஆரம்பித்தது.

வரைந்தது போஸ்கா பேனாக்களால். நீரில் கரையும் பெயிண்ட் நிரப்பிய தடிமனான மார்க்கர். கையாள எளிது, யாரும் வரையலாம், சொட்டாது. ஆனால் வெயிலும் மழையும் தாங்குவதற்கு என்று செய்யப்பட்டதல்ல. பளிச்சென்ற சிவப்புக்கு இது பொதுவாகவே உள்ள நோய்தான். இன்றைய பளீர்ச் சிவப்பு நிறமிகளில் பெரும்பாலானவை கரிமச் சேர்மங்கள். புற ஊதாக் கதிர் பட்டுப் பட்டு மூலக்கூறின் பிணைப்புகள் உடைந்து, நிறம் வெளிறிவிடும். நம் கோயில் மதில்களில் வெள்ளையும் காவியுமாகப் பட்டை அடிப்பார்கள் இல்லையா, அந்தக் காவி இரும்பு ஆக்சைடு. வெயில் அதை லேசில் அசைக்காது. சுண்ணாம்பு உதிர்ந்தால்தான் காவியும் போகும். ஆனால் காவியில் இதயம் வரைந்தால் பழுப்பாக இருக்கும், யாருக்கும் இதயமாகத் தெரியாது.

ஆக, இதயங்கள் இளஞ்சிவப்பாகி, பிறகு ஒரு கறை மாதிரி ஆகிப்போயின. உள்ளே எழுதியிருந்த பெயர்களும் சேர்ந்து மங்கின. அந்தப் பெயர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதலில் வெறும் இதயம்தான் வரைந்தார்கள். நடைபாதையில் வந்தவர்கள் தாங்களாகவே நின்று, ஒரு இதயத்தைத் தேர்ந்தெடுத்து, அதற்குள் அம்மா பெயரையோ கணவர் பெயரையோ எழுதினார்கள். எண்ணிக்கையாக ஆரம்பித்தது பெயர்ப்பட்டியலாக மாறியது.

பெயர் மங்கினால் என்ன செய்வது? சுவரின் நண்பர்கள் என்று ஒரு தன்னார்வக் குழு உருவாகி, வெள்ளிக்கிழமைதோறும் வந்து வேலை செய்கிறது. பெரும்பாலும் தாங்களே யாரையாவது இழந்தவர்கள். வெளிச்சுவருக்கு அடிக்கிற உழைக்கும் பெயிண்டால் பழைய இதயத்தின் மேல் புது இதயம். அதற்குமுன் உள்ளே இருந்த எழுத்தைப் படித்துக் குறித்துக்கொண்டு, காய்ந்ததும் திரும்ப எழுதுகிறார்கள்.

எனக்கு இங்கே ஒரு நெருடல். மனைவி நடுங்கும் கையால் எழுதிய பெயரை முன்பின் தெரியாத ஒருவர் திருத்தமாகத் திரும்ப எழுதும்போது, பெயர் மிஞ்சுகிறது, அந்தக் கை போய்விடுகிறது. அருங்காட்சியகம் நடத்துகிறவர்கள் கேட்டால் பதறுவார்கள். மூலத்தைத் தொடாதே என்பது அவர்கள் பாடம். கண்ணாடி போட்டு மூடியிருக்கலாமே என்றும் கேட்கலாம். மூடியிருந்தால் அடுத்து வருகிறவர் எழுத முடியாது. அந்தக் குழு, எழுத்தைவிட எழுதுகிற வேலையைக் காப்பாற்றுவது என்று தேர்ந்தெடுத்திருக்கிறது. நான் அவர்கள் பக்கம்தான்.

வேறு ஊர்களில் இதே சிக்கலுக்கு வேறு விடைகள். வாஷிங்டனில் சூசன் பிரென்னன் பர்ஸ்டன்பர்க் என்ற கலைஞர் 2020 கடைசியில் ஒரு மைதானத்திலும், 2021 செப்டம்பர் 17 முதல் அக்டோபர் 3 வரை வாஷிங்டன் நினைவுத்தூணுக்குப் பக்கத்தில் உள்ள பெரும் புல்வெளியிலும், இறந்தவருக்கு ஒன்றாகச் சின்ன வெள்ளைக் கொடிகளை நட்டார். நாள்தோறும் புதுக் கொடிகள் சேர்ந்துகொண்டே வந்து கடைசி நாளில் 7,01,133. பிறகு பிடுங்கி எடுத்துவிட்டார்கள். முடிவுத் தேதி உள்ள துக்கம். இங்கிலாந்தின் பெட்வர்த் என்ற பழைய நிலக்கரிச் சுரங்க ஊரில் 2022 மே மாதம் சுமார் 65 அடி உயர மரக் கோபுரம் ஒன்றை எழுப்பினார்கள். மக்கள் உள்ளே போய் எழுதிவைத்தார்கள், படங்களை வைத்தார்கள். மே 28 அன்று ஊர் சேர்ந்து நின்று பார்க்க, கொளுத்திவிட்டார்கள். எரித்துப் பழகிய நமக்கு அது சட்டென்று புரியும். ஆனால் எரிந்த கோபுரம் நாடாளுமன்றத்துக்கு எதிரே நிற்காது.

சுவரில் துக்கத்தை ஒட்டுவது நமக்குப் புதிதல்ல என்பதையும் யோசித்துக்கொண்டிருந்தேன். கண்ணீர் அஞ்சலி போஸ்டரைவிடப் பெரிய தெருக்கலை நம் ஊர்களில் எது? போட்டோ, தோற்றம், மறைவு, 'இவண்' என்று குடும்பத்தாரின் பெயர்கள். பஸ் ஸ்டாண்டிலிருந்து டீக்கடை வரை. ஒரு வாரத்தில் வெளுக்கும், அடுத்த வாரம் மேலே சினிமா போஸ்டர். 2021 மே மாத முழு ஊரடங்கில் எங்கள் பக்கத்து அச்சகங்கள் பூட்டிக்கிடந்தன. பெரியப்பாவுக்குப் போஸ்டர் அடிக்கவில்லை. பதினாறாம் நாளுக்கு அடிக்கலாம் என்றார்கள், அப்போதும் திறக்கவில்லை. அந்த மாதம் எங்கள் தெருவில் மட்டும் மூன்று சாவு. சுவர் காலியாக இருந்தது.

லண்டன் சுவரில் இப்போது இதயங்கள் 2,40,000-ஐத் தாண்டிவிட்டன. மதிலின் நீளம் அதேதான், ஆகவே மீட்டருக்கு 480. 2021-இல் பெரிய இதயங்களுக்கு நடுவே விட்டிருந்த இடைவெளிகளில் சின்னச் சின்னதாக வரைந்து சேர்த்திருக்கிறார்கள். பக்கத்தில் எடுத்த படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தால் இரண்டும் பிரித்துத் தெரிகிறது: பழையவை அகலமாக, ஓரம் வெளிறி, புதியவை கட்டைவிரல் அளவில், இன்னும் சிவப்பாக.