முதியோர் இல்லத்துக்கு மருத்துவர் எப்போது வர வேண்டும்?

முதியோர் இல்லத்தில் ஒருவருக்கு முடியாமல் போன பிறகு மருத்துவரைக் கூப்பிடுவது பாதி மருத்துவம்தான். முதுமையில் நோய்கள் வழக்கமான அறிகுறிகளோடு வருவதில்லை. சிறுநீர்த் தொற்று காய்ச்சலே இல்லாமல் குழப்பப் பேச்சாகத் தலைகாட்டலாம். மாரடைப்பு நெஞ்சு வலியில்லாமல் வெறும் அசதியாக வரலாம். ‘வயசானா அப்படித்தான்’ என்று விடப்படுபவற்றில் பல, குணப்படுத்தக் கூடியவை. போன மாதமும் அதே முதியவரைப் பார்த்த மருத்துவருக்குத்தான் இந்த மாற்றம் சட்டென்று பிடிபடும்.

மாத்திரைப் பையைக் கட்டிலில் கொட்டிப் பார்ப்பது அவருடைய முக்கியமான வேலை. அரசு மருத்துவமனையில் வாங்கிய கிளிபென்கிளமைடும், தனியார் மருத்துவர் எழுதிய கிளிமிபிரைடும் ஒரே பையில் கிடக்கலாம். இரண்டும் ஒரே வகை சர்க்கரை மாத்திரைகள். சிறுநீரகம் தளர்ந்து, இரவுச் சாப்பாடும் குறைந்துவிட்டால் விடியற்காலையில் சர்க்கரை தாழும். கழிவறைக்குப் போகும் வழியில் விழுந்து இடுப்பெலும்பு முறியும். மாத்திரையைக் குறைப்பதும் சிகிச்சைதான்.

பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-இல் வந்தது. மாவட்டத்துக்குக் குறைந்தது ஓர் இல்லம், அரசு மருத்துவமனைகளில் முதியோருக்குத் தனி வரிசை, மாவட்ட மருத்துவமனையில் முதியோர் மருத்துவ வசதி என்று அது பேசுகிறது. ஆனால் இல்லத்துக்கு மருத்துவர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வர வேண்டும் என்று அந்தச் சட்டத்தில் இல்லை. அமெரிக்காவில் மத்திய அரசின் நிதியுதவி பெறும் பராமரிப்பு இல்லங்களில் முதல் 90 நாட்களுக்கு 30 நாளுக்கு ஒருமுறை, பிறகு 60 நாளுக்கு ஒருமுறையாவது மருத்துவர் பார்த்தாக வேண்டும்.

தமிழ்நாடு முதியோர் மருத்துவத்துக்குப் புதியதல்ல. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் மருத்துவர் வி.எஸ். நடராஜன் 1978-லேயே முதியோர் மருத்துவப் பிரிவைத் தொடங்கினார். புதுக்கோட்டையில் 2017 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஆனால் அதே மாவட்டத்தின் மணமேல்குடி, ஆவுடையார்கோவில் பக்கத்திலிருந்து நடக்க முடியாதவரை அங்கே கொண்டுவர வண்டியும் வேண்டும், துணைக்கு ஆளும் வேண்டும். ஆகவே பக்கத்து ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரே பொருத்தமானவர். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் செவிலியரும் இயன்முறை மருத்துவரும் ஏற்கெனவே வீடு தேடிப் போகிறார்கள். முதியோர் இல்லங்களையும் அந்த வரிசையில் தவறாமல் சேர்த்து, மாதம் ஒரு நாள் மருத்துவரும் உடன் போக வேண்டும்.

பெற்றோரை இல்லத்தில் சேர்க்கப் போகிறவர்கள் அறையையும் சாப்பாட்டையும் பார்ப்பதோடு நிற்க வேண்டாம். எந்த மருத்துவர், எந்தக் கிழமை வருகிறார் என்று கேட்டு, அவர் கடைசியாக எழுதிய குறிப்பையும் வாங்கிப் பாருங்கள்.