வரவேற்பும் இணைவும்: தென் கொரியப் பல்கலைக்கழகங்களில் வெளிநாட்டு மாணவர்

வெளிநாட்டு மாணவரை வரவேற்றல் வேறு. அவர்களைக் கல்விச் சமூகத்தின் சம உறுப்பினராக ஏற்றல் வேறு. முன்னது ஒரு நாள் வைபவத்துடன் முடிந்துவிடலாம். பின்னது ஆண்டுகள் பல வேண்டிநிற்கும் சமூகச் செயன்முறையாகும். இவ்விரண்டிற்குமிடையே காணப்படும் இடைவெளியைத் தென் கொரியாவின் அனுபவத்தைக் கொண்டு நோக்குவதே இங்கு நாம் மேற்கொள்ளும் முயற்சி.

நெடுங்காலமாகத் தென் கொரியா தன் மாணவரைப் பிறநாடுகளுக்கு அனுப்பும் நாடாகவே விளங்கியது. 1967இல் ஆரம்பிக்கப்பட்ட அரசாங்கப் புலமைப்பரிசில் திட்டத்தின் கீழ் வந்து கற்றோர் மிகச் சிலரே. நிலைமை 2004இல் மாறத் தொடங்கியது. ‘ஸ்டடி கொரியா’ என்னும் திட்டத்தை அரசாங்கம் அவ்வாண்டில் வகுத்தபொழுது, அங்கிருந்த வெளிநாட்டு மாணவர் ஏறத்தாழ 17,000 பேராவர். 2010இல் இத்தொகை 84,000 அளவினை எட்டியது. 2024இல் 2 இலட்சத்தைத் தாண்டியது. 2027ஆம் ஆண்டுக்குள் 3 இலட்சம் என்பது 2023இல் அறிவிக்கப்பட்ட இலக்காகும். இவர்களுள் அரைவாசிக்கு மேற்பட்டோர் சீனாவிலிருந்தும் வியற்நாமிலிருந்தும் வந்தோர். உஸ்பெகிஸ்தான், மொங்கோலியா, நேபாளம் ஆகிய நாடுகளின் மாணவரும் கணிசமானோர்.

இப்பெருக்கத்தினைப் பண்பாட்டுக் கவர்ச்சியால் மாத்திரம் விளக்கிவிட முடியாது. அதன் பொருளாதார அடிப்படையையும் நாம் நோக்குதல் வேண்டும். 2000ஆம் ஆண்டில் அந்நாட்டில் ஏறத்தாழ 6 இலட்சத்து 40 ஆயிரம் குழந்தைகள் பிறந்தன. 2023இல் பிறந்தவை 2 இலட்சத்து 30 ஆயிரம் மட்டுமே. பாடசாலையை விட்டு வெளியேறுவோர் தொகை குறைய, தலைநகருக்கு அப்பாலுள்ள தனியார் பல்கலைக்கழகங்களில் இடங்கள் வெறுமையாகின. மறுபுறத்தில், 2009 முதல் உள்நாட்டு மாணவரின் கட்டணங்கள் நெடுங்காலம் உயர்த்தப்படாது கட்டுப்படுத்தப்பட்டன. இந்நிலையில் வெளிநாட்டு மாணவர் வருமானத்தின் ஊற்றாகவும் கருதப்படலாயினர். அறிவுப் பரிமாற்றம் என்ற இலட்சியமும் நிதித் தேவை என்ற நிர்ப்பந்தமும் ஒன்றோடொன்று பிணைந்திருத்தலே இப்பிரச்சினையின் முடிச்சாகும்.

வரவேற்பினைப் பொறுத்தவரை அங்குள்ள ஏற்பாடுகள் பாராட்டத்தக்கவை. புதிதாக வருவோருக்குக் கொரிய மாணவர் ஒருவரைத் துணையாக்கும் முறை பல பல்கலைக்கழகங்களில் உண்டு. வங்கிக் கணக்குத் திறத்தல், வெளிநாட்டவர் பதிவு அட்டை பெறுதல், விடுதி தேடுதல் ஆகியவற்றில் அவர் உதவுவார். அரசாங்கப் புலமைப்பரிசில் பெற்றோருக்குப் பொதுவாக ஓராண்டு மொழிப்பயிற்சி வழங்கப்படுகிறது. 2021 முதல் தேசிய சுகாதாரக் காப்புறுதியும் வெளிநாட்டு மாணவருக்குக் கட்டாயமாக்கப்பட்டது.

இடர்ப்பாடு விரிவுரை மண்டபத்திலேயே தோன்றுகிறது. 1997இல் ஆரம்பமான கொரிய மொழித் தகைமைப் பரீட்சை ஆறு படிகளைக் கொண்டது. மூன்றாம் படியுடன் அனுமதி பெறும் மாணவர், அன்றாடப் பேச்சில் இடர்ப்படாதவராயினும் சட்டத்தையோ சமூகவியலையோ கற்கும்போது திணறுகின்றனர். ஆங்கிலத்திற் போதித்தல் இதற்குத் தீர்வெனச் சிலர் கருதுவர். ஆயின் வியற்நாமிய மாணவர்க்கும் கொரிய விரிவுரையாளர்க்கும் ஆங்கிலம் ஒருங்கே அயல்மொழியாதலை அவர்கள் மறந்துவிடுகின்றனர். குழுவாகச் செய்யவேண்டிய ஒப்படைகளில், புள்ளி குறையுமென்ற அச்சத்தால் வெளிநாட்டு மாணவரைச் சேர்க்கத் தயங்கும் போக்கும் உண்டு. மூத்தோர் இளையோர் என்ற வரிசையிலமைந்த மாணவர் உறவினுள் இடையிற் சேர்பவர் நிற்குமிடம் தெளிவற்றது. இவ்வாறு ஒரே வகுப்பில் இரு உலகங்கள் உருவாகின்றன.

சட்டத்தின் பிடி இதனினும் வலியது. விசாக்காலம் கடந்து தங்குவோர் விகிதம் மிகுந்த நிறுவனங்களின் மாணவர்க்கு விசா வழங்குவதில் கட்டுப்பாடுகள் விதிக்கப்படுகின்றன. இதனாற் கல்வி நிறுவனமே காவலனாக மாறும் நிலை ஏற்படுகிறது. 2023இல் சியோலை அண்டிய மாகாணத்திலுள்ள ஒரு பல்கலைக்கழகம், வங்கி இருப்பு நிபந்தனை நிறைவேறவில்லையென்ற காரணத்தினால், மொழி பயில வந்த உஸ்பெக் மாணவர் இருபதுக்கு மேற்பட்டோரைப் பேருந்தில் ஏற்றி விமான நிலையத்திற்குக் கொண்டுசென்று திருப்பியனுப்பியது. பதிவு அட்டை பெறச் செல்வதாகவே அவர்களுக்குக் கூறப்பட்டிருந்தது. ஆசிரிய மாணவ உறவிற்கு ஆதாரமான நம்பிக்கையே அங்கு முறிந்தது.

வளாகத்திற்கு வெளியேயும் இதே வினா எழுகிறது. தேகு நகரிலுள்ள கியொங்புக் தேசியப் பல்கலைக்கழகத்தின் முஸ்லிம் மாணவர், தம் தொழுகைக்கென அயலிலே பள்ளிவாசலொன்றைக் கட்ட 2020இல் அனுமதி பெற்றனர். அயலவரின் எதிர்ப்பினால் 2021இல் பணி நிறுத்தப்பட்டது. 2022இல் உயர் நீதிமன்றம் மாணவர் பக்கமே தீர்ப்பளித்தது. அதன் பின்னரும் கட்டட வாயிலருகே பன்றித் தலைகள் வைக்கப்பட்டன. எனினும் மாணவருக்காகக் குரல்கொடுத்த கொரியப் பேராசிரியரும் குடியியல் அமைப்பினரும் இருந்தனர் என்பதை நாம் மறத்தலாகாது. உரிமையை நீதிமன்றம் நிலைநாட்டலாம். அயலுறவை மனிதரே கட்டியெழுப்புதல் வேண்டும்.

எனவே, இணைவு என்பது வந்தவர் மட்டும் மாறுதல் அன்று, வரவேற்றவரும் மாறுதலாகும். அனுமதிக்கு முன்னரன்றிக் கற்கும் காலம் முழுவதும் தொடரும் மொழித்துணை, குழுவேலையை நீதியாக மதிப்பிடும் முறை, மாணவர் மன்றங்களிற் பிரதிநிதித்துவம், குடிவரவு விடயங்களில் மாணவர் பக்கம் நின்று ஆலோசனை வழங்கும் அலுவலகம் ஆகியன உடனடித் தேவைகளாம். எத்தனை பேர் வந்தனர் என்பதை எண்ணிப் பெருமைப்படுதல் எளிது. வந்தவருள் எத்தனை பேர் தம்மை அந்நியராக உணராது பட்டம் பெற்றுச் சென்றனர் என்பதே ஒரு பல்கலைக்கழகத்தை அளக்கும் உரைகல் என்பது எமது துணிபு.