பேரன் சொன்ன இசைத்தட்டு

நகரிக்கு விடுமுறையில் வரும் பேரன் எந்நேரமும் காதில் பாட்டோடு இருப்பான், பேச்சே இல்லை. என்னதான் கேட்கிறான் என்று விசாரித்தேன். "பிங்க் ஃபிளாய்டை வரிசை மாறாமல் கேளுங்கள், தாத்தா" என்றான்.

ஏன் வரிசை? ரயில்வேக்காரனாயிற்றே, கணக்குப் போட்டேன். எல்.பி. இசைத்தட்டு நிமிடத்துக்கு 33⅓ முறை சுழலும். ஒரு பக்கம் 22 நிமிடம் என்றால் சுமார் 730 சுற்று. சுழற்சி மாறாது, ஆனால் உள்ளே போகப்போக வட்டம் சிறுக்கும். விளிம்பில் முள்ளுக்கடியில் நொடிக்குச் சுமார் 50 செ.மீ. ஓடும் கோடு, கடைசியில் 21 செ.மீ.தான் ஓடும். அலைகள் நெருங்கி, கூரிய ஒலி மங்கும். அதனால் ஆரவாரப் பாட்டை முதலிலும் அமைதியானதைக் கடைசியிலும் வைப்பதுண்டு. 1973இல் வந்த 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' இரு பக்கமும் சேர்த்துச் சுமார் 43 நிமிடம். பாட்டோடு பாட்டு இணைந்தே ஓடும்.

பதிலுக்கு நான் இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்'டைச் சொன்னேன். 1986இல் வந்தது, தியாகராஜருக்கும் பாக்குக்கும் காணிக்கை. கேட்டுவிட்டு, "அடுத்து என்ன தாத்தா?" என்றான்.

பிள்ளைகள் சொல்வதை ஒருமுறை கேளுங்கள். வெளியூரில் வாழும் நமக்கு, வீட்டில் பேச்சு வளர அதுவும் ஒரு வழி.