கொடிக்கயிற்றில் ஆடும் 41 அத்தியாயங்கள்

வாங்க வாங்க, தலையைக் கொஞ்சம் குனிந்து வாங்க! கொடியில் இடித்துக்கொள்ளப் போகிறீர்கள்.

அம்பத்தூரில் என் எழுத்துப் பட்டறை இதுதான். மொட்டைமாடியில் பத்துக்குப் பத்து அறை. குறுக்கே கட்டியிருப்பது துணி காயப்போடுகிற கொடி. அதில் தொங்குவதுதான் என் அடுத்த நாவல்! 41 அத்தியாயங்கள், 41 சீட்டுகள், 41 கிளிப்புகள். மஞ்சள் சீட்டு செல்வியின் அத்தியாயம். எஸ்டேட்டில், அதாவது அம்பத்தூர் தொழிற்பேட்டையில், ஓர் ஏற்றுமதி ஆடை கம்பெனியில் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருப்பவள் அவள். பச்சைச் சீட்டு, ஊரில் இருக்கும் அவள் அப்பா. மின்விசிறியைப் போட்டால் மொத்த நாவலும் சலசலவென்று ஆடும். அந்தச் சத்தத்தைக் கேட்க எனக்கு அவ்வளவு ஆசை!

கணினித் திரையில் ஒரு நேரத்துக்கு ஒரு பக்கம்தான் தெரியும். கொடியில் முழுக் கதையும் ஒரே பார்வையில் தெரிந்துவிடும். ஆறு சீட்டு தாண்டியும் பச்சை வரவில்லையா, வாசகர் அப்பாவை மறந்திருப்பார் என்று கண்ணே சொல்லிவிடும். போன வாரம் பதினேழாவது சீட்டைக் கழற்றி எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவே மாட்டினேன். அப்பா நிலத்தை விற்றுவிட்ட செய்தி அதில்தான் இருக்கிறது. செல்விக்குத் தெரியாது, வாசகருக்குத் தெரிந்துவிட்டது. அவ்வளவுதான்! அதற்கப்புறம் "நெல்லு எப்டிப்பா இருக்கு?" என்று போனில் அவள் சாதாரணமாகக் கேட்பதுகூட நெஞ்சைப் பிடிக்கிறது. ஒரு வரி புதிதாக எழுதவில்லை. ஒரு கிளிப்பை நகர்த்தினேன், மூன்று வாரச் சிக்கல் அவிழ்ந்துவிட்டது!

நாலரை மணிக்கு ஒரு தட்டச்சு

நான் சுயாதீன எழுத்தாளர். எழுதுவதும் திருத்துவதும் விலை வைப்பதும் பார்சல் கட்டுவதும் நானேதான். நாள் ஆரம்பிப்பது விடியற்காலை நாலரைக்கு. தண்ணீர் மோட்டார்கள் ஓடத் தொடங்கும் முன்பு ஒன்றரை மணி நேரம் தெரு முழுக்க எனக்கு.

விரல்களுக்குத் தெரிந்தது தமிழ்99 விசைப்பலகை. 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்இணைய மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட தளக்கோலம் அது. இடது கைக்கு உயிர், வலது கைக்குப் பெரும்பாலும் மெய். ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழும். 'அக்கா' என்று எழுத நான்கே தட்டு! கை யோசனைக்குப் பின்தங்காமல் ஓடுகிற சுகத்தை அனுபவித்தால்தான் தெரியும்.

ஓ.டி. முடித்து ஓ.டி.க்கு

வாரத்தில் இரண்டு நாள் வேலையே ரயில் ஏறுவதுதான். அம்பத்தூரில் ஏறினால் திருமுல்லைவாயில், அண்ணனூர் தாண்டி ஆவடி, சில நாள் பட்டாபிராம் வரைக்கும். மகளிர் பெட்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்து காதைத் திறந்து வைத்துக்கொள்வேன்.

ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை 1961-ல் வந்தது. விஜயந்தா டாங்கி உருண்டு வந்தது அங்கிருந்துதான். 1964-ல் அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்தது. வேலை தேடி எல்லா மாவட்டத்துக்காரர்களும் இந்த ஸ்டேஷன்களில் வந்து இறங்கினார்கள். அதனால் ஒரே பெட்டியில் ஒருத்தி "வந்துகினு இருக்கேன்" என்பாள், பக்கத்திலேயே இன்னொருத்தி "வந்துட்டேம்ல" என்பாள். ஒரு சொல்லில் ஊர் தெரிந்துவிடும்! கதாபாத்திரத்தின் சொந்த ஊர் எது என்று நான் தனியாக எழுத வேண்டியதே இல்லை.

அம்பத்தூர் ஓ.டி. பஸ் நிலையத்தின் ஓ.டி., ஓல்டு டவுன். எஸ்டேட்டில் வேலை பார்ப்பவர் "இன்னிக்கு ஓ.டி." என்றால் ஓவர்டைம். செல்வி ஓ.டி. முடித்து ஓ.டி.க்கு பஸ் பிடிக்கிற காட்சியை எழுதின அன்று அறைக்குள் எழுந்து நின்று கை தட்டினேன். இந்த ஊர்க்காரர்கள் படிக்கும்போது அடிக்குறிப்பு இல்லாமலே சிரிப்பார்கள்.

பஸ் பலகையில் 'பூவிருந்தவல்லி' என்று இருக்கும், பயணியின் வாயில் 'பூந்தமல்லி' என்று வரும். செல்வி பலகையைப் படிக்கும் இடத்தில் முதலாவது, கண்டக்டரிடம் டிக்கெட் கேட்கும் இடத்தில் இரண்டாவது. இப்படி நூறு சின்ன முடிவுகள் சேர்ந்ததுதான் ஒரு பக்கம்.

காலர் மட்டும்தான் அக்கா

என் முதல் படியில் 'செல்வி சட்டை தைத்து முடித்தாள்' என்று எழுதியிருந்தேன். ஆடை கம்பெனியில் வேலை பார்க்கும் தங்கை ஒருத்திக்கு டீக்கடையில் வைத்து அதைப் படித்துக் காட்டினேன். அவள் பன்னைக் கீழே வைத்தாள். "அக்கா, முழுச் சட்டை எவளும் தைக்கமாட்டா. ஒருத்தி கை, ஒருத்தி பாக்கெட். நான் மூணு வருஷமா காலர் மட்டும்தான்."

மூன்று வருடம் காலர் மட்டும்! வீட்டுக்கு ஓடிவந்து அந்த அத்தியாயத்தைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதினேன். செல்வி ஒரு நாள் பஸ்ஸில் முன் சீட்டில் இருப்பவரின் சட்டைக் காலரையே பார்த்துக்கொண்டு வருகிறாள். இந்த நாவலின் உயிர் அங்கேதான் இருக்கிறது. அதைக் கொடுத்தவள் அந்தத் தங்கை.

இந்தப் பாடத்தை எனக்கு முன்பே நடத்திக் காட்டியவர் ராஜம் கிருஷ்ணன். 'கரிப்பு மணிகள்' எழுதுவதற்காகத் தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களிடமே போய்க் கேட்டு எழுதியவர். 2014-ல் மறைந்த அவர், கடைசிக் காலத்தைக் கழித்தது பூந்தமல்லி போகிற வழியில் இருக்கும் போரூரில். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் மனதுக்குள் ஒரு வணக்கம் வைப்பேன்.

ஏரிக்கரையில் சொல்லி எழுதுவது

சாயங்காலம் ஏரிக்கரைப் பக்கம் நடப்பேன். போனில் குரல் தட்டச்சைப் போட்டுவிட்டு உரையாடலை வாய்விட்டுப் பேசிப் பேசிப் பதிவேன். வாயில் இடறுகிற வசனம் காகிதத்திலும் இடறும், உடனே மாற்றிவிடலாம்.

சொல்லி எழுதவைப்பது நமக்குப் புதிதில்லை. திருவல்லிக்கேணியில் வை.மு. கோதைநாயகி, தனக்கு எழுத வராத நாட்களில் தோழி பட்டம்மாளிடம் சொல்லச் சொல்ல எழுதவைத்தவர். 1925-ல் 'ஜகன்மோகினி' பத்திரிகையைத் தானே எடுத்து நடத்தி 115 நாவல்கள் தந்தவர். நூறு வருடத்துக்கு முன்பே எழுத்தும் பத்திரிகையும் ஒரு பெண்ணின் கையில்! என் பட்டம்மாள் சட்டைப்பை அளவுக்கு இருக்கிறாள், அவ்வளவுதான் வித்தியாசம்.

ராத்திரி திருத்த வேலை. வாணி எழுத்துப் பிழையைக் காட்டும், நாவி ஒற்றுப் பிழையைக் காட்டும். இரண்டும் நீச்சல்காரன் தமிழுக்குச் செய்து கொடுத்த மென்பொருள்கள். அதற்குப் பிறகும் காகிதத்தில் அச்செடுத்து, சிவப்பு மையோடு உட்காருவேன். 'பலம்' எங்கே, 'பழம்' எங்கே என்று தீர்மானிப்பது கண்ணும் கதையும்தான்.

பாரம், விலை, பார்சல்

அச்சுக்கு முன் இப்போது மின்னூல். 2016 டிசம்பரில் கிண்டிலுக்குத் தமிழ் வந்தது. கோப்பை ஏற்றி விலையை நாமே வைக்கலாம். விலையையும் விதிகளையும் பொறுத்து 35 அல்லது 70 சதவீதம் உரிமைத்தொகை. சந்தாவில் படிக்கிறவர்கள் எத்தனை பக்கம் படித்தார்கள் என்று கணக்கும் காட்டும். காலையில் பல் தேய்ப்பதற்கு முன்பே அதைத்தான் பார்ப்பேன். நேற்று 318 பக்கம்! யாரோ ஒருவர் விடாமல் படித்திருக்கிறார்!

காகிதப் புத்தகம் என்றால் பாரக்கணக்கு. டெம்மி அளவில் 16 பக்கம் ஒரு பாரம். 288 பக்கம் என்றால் சரியாக 18 பாரம், காகிதம் வீணாகாது. கடைசி அத்தியாயம் 290-க்குப் போனால் இரண்டு பக்கத்தைச் சுருக்குவேன். சுருக்கிய பிறகு அத்தியாயம் முன்னைவிடக் கூர்மையாகிவிடும், ஒவ்வொரு முறையும்!

முதல் நாவலில் ஓர் அடி வாங்கினேன். பைண்டிங்கில் பாரம் மாறிப்போய், சில பிரதிகளில் 80-க்கு அடுத்து 97 வந்தது. பட்டாபிராம் வாசகி ஒருவர்தான் போன் செய்தார். அத்தனை பிரதிகளையும் பிரித்துப் பார்த்து, கெட்டவற்றுக்கு மாற்றுப் பிரதி கொண்டுபோய்க் கொடுத்தேன். அன்றிலிருந்து ஒவ்வொரு கட்டிலும் 81-ஆம் பக்கத்தை விரித்துப் பார்க்காமல் பார்சல் ஒட்டுவதில்லை.

தோளில் பார்சல் கனக்கும்போது நினைவுக்கு வருபவர் சி.சு. செல்லப்பா. 1959-ல் 'எழுத்து' பத்திரிகையைச் சொந்தக் காசில் தொடங்கியவர். புத்தகங்களைப் பையில் சுமந்து கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றவர். மூன்று பாகங்கள் கொண்ட 'சுதந்திர தாகம்' நாவலை முதுமையில் தானே வெளியிட்டார். 1998-ல் மறைந்தார். அந்த நாவலுக்கு 2001-ல் சாகித்திய அகாதெமி விருது வந்தது. சுயமாக வெளியிட்டால் தரம் குறையும் என்று யார் சொன்னாலும் நான் சொல்லும் பதில் அந்த மூன்று பாகங்கள்தான்.

புத்தகம் வந்த வாரத்தில் எனக்கு ஒரு திருவிழா உண்டு. 1954-ஆம் ஆண்டு நூல் வழங்கல் சட்டப்படி, வெளியிடுகிறவர் தன் செலவில் பிரதி கொடுக்க வேண்டிய நூலகங்களில் ஒன்று எழும்பூர் கன்னிமாரா. 1896-ல் திறந்த நூலகம். அங்கே என் பிரதியை நானே கொண்டுபோய்க் கொடுப்பேன். இந்த நாவல் வந்ததும் செல்வியும் அவள் அப்பாவும் டீக்கடைத் தங்கையின் காலரும் அங்கே பத்திரமாக இருப்பார்கள். திரும்பி வரும் ரயிலில் முகத்திலிருந்து சிரிப்பை எடுக்கவே முடியாது!

உள்ளே வந்து பார்த்துவிட்டீர்கள், போகும்முன் ஒரே ஒரு வேண்டுகோள். தனியாக எழுதி, தனியாக வெளியிடுகிற ஒருவரின் புத்தகத்தை இந்த மாதம் ஒன்று வாங்கிப் படியுங்கள். படித்ததும் அவருக்கு இரண்டு வரி எழுதுங்கள். தப்பு இருந்தால் அதையும் சொல்லுங்கள். மூன்று வருடம் காலர் மட்டும் தைத்தவள் சொன்னதால்தான் என் கொடியில் ஒரு சீட்டு உயிரோடு ஆடுகிறது. உங்கள் தெருவுக்கும் ஒரு கிளிப் காலியாக வைத்திருக்கிறேன்.