பதில் சைகைக்கு எவ்வளவு வலு?

கருவிகள் கைத்தொலைபேசிக் கோபுரம் வழியாகச் சுற்றாமல் நேரடியாகப் பேசும்போது, தகவலைப் பெற்ற கருவி ‘கிடைத்தது’ அல்லது ‘கிடைக்கவில்லை’ என்று சிறு பதில் சைகை அனுப்பும். கிடைக்காததை மற்றது மீண்டும் அனுப்பும். கைத்தொலைபேசித் தரங்களை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பின், 2020இல் நிறைவடைந்த 16ஆம் வெளியீடு, முக்கியமாக வாகனங்களுக்காக, 5ஜியில் இப்பதிலுக்கெனத் தனித் தடம் வகுத்தது.

ஏ-9 வீதியில் ஓமந்தையைத் தாண்டி வடக்கே ஓடும் இரு லொறிகள் இப்படிப் பேசுவதாகக் கொள்வோம். பதில் மிகவும் மெலிந்தால் அது தொலையும்; ஏற்கெனவே கிடைத்த தகவலே வீணாகத் திரும்ப வரும். மிஞ்சினாலோ, அதே அலைவரிசையில் கோபுரத்தை நோக்கிப் போகும் கைத்தொலைபேசிச் சைகைகள் குழம்பும்.

ஆகவே லொறியின் கருவி, கோபுரத்தின் சைகை வழியில் எவ்வளவு தேய்ந்து வந்தது என்று அளக்கிறது. வலையமைப்பு நிர்ணயித்த அடிப்படை வலுவுடன் அந்த இழப்பின் ஒரு பங்கைக் கூட்டுகிறது. கோபுரம் அருகில் இருந்தால் குரல் தணியும், தொலைவில் உயரும். விசித்திரம் என்னவென்றால், பதிலைக் கேட்கவேண்டிய லொறி எவ்வளவு தூரத்தில் உள்ளது என்பது இக்கணக்கில் இல்லவே இல்லை. தகவல் சைகைக்கு அத்தூரமும் கணக்கிடப்படலாம்.

பல வாகனங்களுக்கு ஒரே கணத்தில் பதில் சொல்வதே சிக்கலான இடம். உச்ச வலு 200 மில்லிவாற்று என்றால், நான்கு பதில்களுக்குத் தலா 50தான் கிடைக்கும். போதாதபோது முன்னுரிமை குறைந்த பதில்கள் கைவிடப்படும்.

கோபுரச் சைகை எட்டாத முல்லைத்தீவுக் காட்டுப்பாதையில் இந்த வலுக் கட்டுப்பாட்டுக்கு வேலையில்லை; குழப்புவதற்குக் கோபுரம் அருகில் இல்லாததால், கருவி உச்ச வலுவிலேயே பதில் அனுப்பலாம்.